காலிப் பெட்டி

அத்தியாயம் பதினான்கு

மேடையில் அந்த எண் ஒளிர்ந்து இன்றோடு ஏழு நாள்.

பன்னிரண்டு. எதிர்க்கம்பெனியின் புதிய விளையாட்டுப் பெட்டி நொடிக்குப் பன்னிரண்டு லட்சம் கோடிக் கணக்குகளைப் போடும் என்று ஊர் உலகமெல்லாம் பார்க்க அறிவித்துவிட்டார்கள். பெரியவளின் கம்பெனி தயாரித்து வைத்திருந்த பெட்டி போடுவது பத்தரை. அந்த ஒன்றரைதான் ஏழு நாளாக ஒரு கட்டடம் முழுக்க இருந்தவர்களின் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

பெரியவள் அங்கே சூட்டுப் பிரிவின் பொறியாளர். பெட்டிக்குள் இருக்கும் சிப் கொதித்துப் போகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சிப்பை வேகமாக ஓட்டினால் சூடு ஏறும். சூட்டை வெளியே தள்ளப் பெரிய விசிறி வேண்டும். பெரிய விசிறிக்குப் பெரிய பெட்டி வேண்டும். ஆனால் பெட்டியின் அச்சுகளை வெட்டித் தொழிற்சாலைக்கு அனுப்பி மூன்று மாதமாகிவிட்டது. மேலட்டையில் படம்கூட அச்சாகிவிட்டது. இனிமேல் மாற்றக்கூடியது வேகம் ஒன்றுதான்.

“பன்னிரண்டே காலா ஏத்துங்க” என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

ஏற்றிப் பார்த்தாள். நாற்பது பெட்டிகளைச் சோதனை அறையில் காயவிட்டு, ஆறவிட்டு, மறுபடியும் காயவிட்டார்கள். ஒரு வீட்டில் ஒரு வருடம் படுகிற பாட்டை ஆறே நாளில் பட்டுவிடும் பெட்டிகள் அவை. ஒன்பது செத்துப் போயின. சிப்பைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் பற்றவைப்புப் பொட்டுகளில் விரிசல். நாற்பதில் ஒன்பது!

இன்று மத்தியானம் இரண்டு மணிக்குள், ‘சூடு தாங்கும்’ என்ற தாளில் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்று காலை எட்டு மணிக்கு அம்மாவுக்குக் கண்ணில் அறுவை.

வந்தால் எல்லாம் சேர்ந்துதானே வரும்.

*

கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், வரிசையாகத் தரையோடு திருகி வைத்த நாற்காலிகள். அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் சின்னவன், இந்தப் பக்கம் பெரியவள்.

சின்னவன் அவளுக்கு ஆறு வயது இளையவன். மூன்று வருடம் முன்னால் அவன் எதிர்க்கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா ஒரு சட்டம் போட்டாள். “ரெண்டு பேரும் எந்தப் பெட்டியை வேணா பண்ணுங்க. ஆனா என் முன்னால பெட்டிப் பேச்சு எடுத்தா சோறு கிடையாது.” நாட்டுக்கு நாடு போடும் ஒப்பந்தம்கூட இந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்டிருக்காது. மூன்று வருடமாக அக்காவும் தம்பியும் மழை, வெயில், முட்டிவலி, பக்கத்து வீட்டு நாய் என்று எல்லாம் பேசினார்கள். அதை மட்டும் பேசவில்லை.

கண்ணில் சொட்டு மருந்து விட வந்த நர்ஸ், அம்மாவின் தலையை நிமிர்த்திப் பிடித்தபடி, “பிள்ளைங்க ரெண்டு பேரும் கூட வந்திருக்காங்களே, கொடுத்து வச்சவங்க” என்றாள்.

“எங்க கொடுத்து வச்சேன்? ரெண்டும் பொம்மைப் பெட்டி பண்ணுதுங்க. அதையும் ஒரே கம்பெனியில பண்ணித் தொலைச்சா என்ன? ஆளுக்கொரு கம்பெனி.”

நர்ஸின் கை நின்றது. “அந்த கேம் பெட்டியா? ஐயோ, எங்க வீட்டுல பொண்ணு உயிரை எடுக்கறாளே! ரெண்டு வருஷமா பிறந்தநாளுக்கு ஒண்ணுமே வேண்டாம், அதுதான் வேணும்கறா. ரெண்டுல எது நல்லது? கம்பெனிக்குள்ளேயே இருக்கிறவங்க, நீங்களே சொல்லுங்க. எதை வாங்கட்டும்?”

பெரியவள் வாயைத் திறந்தாள். ஒன்பது செத்த பெட்டிகள் கண் முன்னால் வரிசையாக நின்றன. தன் கம்பெனிப் பெட்டியைச் சொல்ல நாக்கு எழவில்லை.

சின்னவன்தான் பதில் சொன்னான். “கொஞ்ச நாள் பொறுங்க. இப்ப எதையும் வாங்காதீங்க.”

“எதையுமா?”

“எதையும்தான்.”

நர்ஸ் சிரித்துக்கொண்டே அம்மாவைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. கால் மணி நேரத்தில் முடிகிற சின்ன அறுவைதான். பெரியவள் மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

சட்டைக் கழுத்து கசங்கியிருந்தது. நாலு நாள் தாடி. போன வாரம் மேடையில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தவன் இவன்தானா?

“ஏண்டா அப்படிச் சொன்னே? உங்களோடதை வாங்கச் சொல்ல வேண்டியதுதானே?”

“அக்கா, நான் ஒண்ணு சொல்றேன்.”

“பெட்டிப் பேச்சா?”

“அம்மா உள்ளதானே இருக்கா.”

அவன் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். கறுப்புக் கண்ணாடி போட்ட கிழவர் ஒருவர், தூங்கும் பெண்மணி ஒருத்தி. அவ்வளவுதான்.

“மேடையில இருந்தது காலிப் பெட்டிக்கா.”

“என்ன?”

“உள்ள ஒண்ணுமே இல்ல. ஒரு விளக்கு, ஒரு சின்ன விசிறி. திரையில ஓடின ஆட்டம் மேடைக்கு அடியில இருந்த பெரிய கம்ப்யூட்டர்ல ஓடினது. ஃப்ரிட்ஜ் அளவு இருக்கும். அந்த ஏற்பாட்டைப் பண்ணினதே நான்தான். வயரை இழுத்தது நான், சிரிச்சது நான்.”

பெரியவள் அம்மாவின் காலி நாற்காலிக்கு நகர்ந்தாள். “அப்ப அந்தப் பன்னிரண்டு?”

“பன்னிரண்டாவது, பதினொண்ணாவது! எங்க சிப் ஒன்பதைத் தாண்டினா சூடேறித் தானா நின்னுடுது. ஒன்பதுக்கா. உங்க பத்தரைகிட்ட நிக்கக்கூட முடியாது. நீங்க எப்பவோ ஜெயிச்சாச்சு.”

“அப்புறம் எதுக்குடா இந்தக் கூத்து?”

“நீங்க பதறணும்னுதான். பதறி வேகத்தை ஏத்துவீங்க, ஏத்தினா உங்க பெட்டி ஒரு வருஷத்துல வெந்து போகும், ஊரே திட்டும். அதுக்குள்ள நாங்க வேற சிப் போட்டு நிதானமா வந்துடுவோம். கூட்டத்துல பலகையில எழுதியே காட்டினாங்க. இதுக்குப் பேரு வியூகமாம்.” அவன் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் தேய்த்தான். “உங்க பெட்டிக்குச் சூடு பார்க்கிறது யாருன்னு அந்த ரூம்ல எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“இது எத்தனை பேருக்குத் தெரியும்?”

“ஏழு பேருக்கு. என்னையும் சேர்த்து.”

“வெளியே போச்சுன்னா?”

“வேலை போகும். கேஸ் போடுவாங்க. வாழ்நாளைக்கும் இந்தத் தொழில்ல எவனும் என்னைச் சேர்க்க மாட்டான்.” அவன் தோளைக் குலுக்கினான். “சொல்லாம இருக்க முடியல, சொல்லிட்டேன். இனிமே நீ பார்த்துக்கோ.”

அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் மாத்திரை விழுங்க மறுத்து வாயை இறுக மூடிக்கொண்டு இப்படித்தான் முழிப்பான். ‘பார்த்துக்கோ’ என்றால் என்ன அர்த்தம்? காப்பாற்று என்றுதான் அர்த்தம். அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

“நான் ஒண்ணும் கேட்கலடா. நீயும் ஒண்ணும் சொல்லல.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கதவு திறந்து, இடது கண்ணில் கட்டோடு அம்மா வந்துவிட்டாள்.

“ஒத்தைக் கண்ணால பார்த்தா ரெண்டும் பாதியா இளைச்சுத் தெரியுதுங்க” என்றாள். “என்ன பேசிட்டிருந்தீங்க?”

“பக்கத்து வீட்டு நாயைப் பத்தி” என்றான் சின்னவன்.

*

அம்மாவைச் சின்னவன் காரில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துப் போனான். பெரியவள் அலுவலகத்துக்கு வந்தபோது மணி ஒன்று.

பிரிவுத் தலைவரின் அறைக் கண்ணாடிச் சுவரில் அந்த இரண்டு எண்களையும் யாரோ சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்கள். பத்தரை. பன்னிரண்டு. தலைவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அம்மா எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க சார். சார், அந்தப் பன்னிரண்டு நிஜம்தானா?”

“பார்த்தோமே! உலகமே பார்த்துச்சே!”

“பார்த்தோம். ஆனா யாரும் பெட்டியைத் திறந்து பார்க்கலையே. அவங்க பெட்டி நம்மளைவிடச் சின்னது. அந்தச் சூட்டை எந்த வழியா வெளியே விடுவாங்க? கணக்கு இடிக்குது சார்.”

“இதையேதான் நானும் மேலிடத்துல சொன்னேன். ‘உங்க கணக்கு வேண்டாம், ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க’ன்னுட்டாங்க.” எழுந்து வந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேட்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தம்பி அங்கேதானே இருக்கார்?”

பெரியவள் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தாள்.

“ஏதாவது காதுல விழுந்திருந்தா சொல்லுங்க. ஒரே வார்த்தை போதும். நான் மேல போய் மேசையைத் தட்டி நிறுத்திடறேன். எனக்கு மட்டும் இந்தத் தாளை அனுப்ப ஆசையா? நாற்பதுல ஒன்பது செத்ததை நானும்தானே பார்த்தேன்?”

இருதலைக் கொள்ளி எறும்பு என்று சொல்லிக் கேட்டிருக்கிறாள். அந்த எறும்பு எதை நினைத்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. இந்தப் பக்கம் போனால் அந்த நர்ஸின் பெண்ணைப் போல ஆயிரமாயிரம் பிள்ளைகளின் பெட்டிகள். அந்தப் பக்கம் போனால் தம்பி. தலைவர் யார் சொன்னார்கள் என்று சொல்லவே மாட்டார், நல்ல மனிதர். ஆனால் எதிர்க்கம்பெனிக்காரர்கள் முட்டாள்கள் இல்லையே. பதற வேண்டியவர்கள் பதறாமல் போனால், ஏழு பேரில் யாருக்கு இங்கே அக்கா இருக்கிறாள் என்று பார்க்க எவ்வளவு நேரமாகும்?

“எனக்கு ஒண்ணும் தெரியாது சார்.”

“நிச்சயமா?”

“நாங்க வீட்டுல பெட்டிப் பேச்சே எடுக்கறதில்ல சார்.”

தலைவர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றாள். “நாற்பதுல ஒன்பது செத்ததுன்னு எழுதித் தர்றேன். தாங்கும்னு எழுத மாட்டேன்.”

“நீங்க போடலேன்னா நின்னுடும்னா நினைக்கிறீங்க?” அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. “திங்கட்கிழமை தொழிற்சாலை ஓடணும். இன்னைக்கு நாலரைக்கு அறிவிப்பு. யாரோ ஒருத்தர் போடுவாங்கம்மா.”

*

அந்த யாரோ ஒருத்தர் சோதனை அறையில் இருந்தார்.

அவருக்கு அலுவலகத்தில் ‘விசிறி’ என்று பெயர். முப்பது வருடமாக விசிறிகளோடு குடித்தனம் நடத்துபவர். சுற்றும் சத்தத்தைக் காதால் கேட்டே நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்லிவிடுவார். பத்து இருபது முன்னே பின்னே இருக்கலாம், அதற்குமேல் தவறாது. பெரியவளை வேலைக்கு எடுத்த தேர்வில் கேள்வி கேட்டவரும் அவர்தான்.

அவள் உள்ளே நுழைந்தபோது மணி இரண்டரை. செத்துப்போன ஒன்பது பெட்டிகளின் மேலும் ஒட்டியிருந்த சிவப்புச் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“போட்டுட்டேம்மா” என்றார், திரும்பாமலேயே.

“சார்!”

“கத்தாதே. அந்தத் தாளுல போட எனக்கும் அதிகாரம் உண்டு. நீ போடலேன்னு கேள்விப்பட்டேன். நல்லது, போடாதே. நான் இன்னும் எட்டு மாசத்துல வீட்டுக்குப் போறவன். உனக்கு இருபது வருஷம் இருக்கு. நாளைக்குத் தப்பு வந்தா என் தலையோட போகட்டும்.”

“அது பொய்யான எண் சார். அதுக்காக நாம ஏத்த வேண்டியதே இல்ல” என்று சொல்லத் துடித்தது அவளுக்கு. நுனி நாக்குவரை வந்ததை மென்று விழுங்கினாள்.

“முப்பது வருஷமா என் பேர் போட்டு ஒரு பெட்டி வெந்ததில்ல” என்றார் அவர், தனக்குத்தானே சொல்வதைப் போல. “சரி, கடைசியா ஒண்ணு. என்ன பண்றது?”

அவள் அவருக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மிச்சம் முப்பத்தோரு பெட்டிகள் அடுப்பறை போன்ற அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் இரைந்துகொண்டிருந்தன. மூன்று மணி சுமாருக்கு ஒன்று நின்றது. பெட்டியின் விசிறிச் சத்தத்தில் வந்த மாற்றத்தை அவளுக்கு முன்னால் அவர் கேட்டுவிட்டார். எழுந்து போய்ப் பத்தாவது சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டு வந்தார்.

நாலரை மணிக்கு அறிவிப்பு வந்தது. எல்லார் போனிலும் ஒரே நேரத்தில். பன்னிரண்டே கால். மாடியில் கைதட்டினார்கள். யாரோ விசில்கூட அடித்தார்கள்.

பெரியவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்தி என்ன ஆகப் போகிறது?

*

ஐந்தேகாலுக்குச் சின்னவன் கூப்பிட்டான்.

“அம்மாவுக்கு வலி இருக்கா?” என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

“அம்மா தூங்கறா. நீ என்ன பண்ணி வச்சிருக்கே?”

“நான் என்னடா பண்ணினேன்?”

“பன்னிரண்டே காலுன்னு சொல்லிட்டாங்களே! நீ ஏன் நிறுத்தல?”

“நிறுத்தறதா? எப்படி நிறுத்துவேன்? உன் பேரைச் சொல்லியா?”

“ஆமா! என் பேரைச் சொல்லித்தான்!” அவன் கிட்டத்தட்ட அழுதான். “அதுக்குத்தானே சொன்னேன்! வேலை போகும், கேஸ் வரும்னு எல்லாம் யோசிச்சுட்டு, ராத்திரி பூரா முழிச்சிருந்து, சரி போனா போகுதுன்னுதானே உன்கிட்ட வந்து சொன்னேன்? நேரா உங்க ஆளுங்ககிட்டப் போக எனக்குத் தைரியம் வரல. நீ போவேன்னு நினைச்சேன்க்கா.”

பெரியவள் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்... உன்னைக் காப்பாத்தணும்னு...”

“யாரைக் காப்பாத்தினே? இப்ப என்ன ஆச்சு தெரியுமா? உங்க எண்ணைப் பார்த்ததும் எங்க ஆளுங்க வெலவெலத்துப் போயிட்டாங்க. சும்மா பயம் காட்டத்தான் பன்னிரண்டுன்னு சொன்னாங்க. நீங்க நிஜமாவே அதைத் தாண்டிட்டீங்க. இனிமே ஒன்பதைக் கடைக்கு அனுப்ப முடியுமா? இப்பத்தான் போன் பண்ணினாங்க, புது சிப்புக்குக் காத்திருக்க நேரமில்லையாம். இருக்கிற சிப்பையே அடிச்சு ஓட்டுங்கறாங்க, வெந்தாலும் பரவாயில்லையாம். ரெண்டு வீட்டுப் பெட்டியும் வேகப் போகுதுக்கா.”

ஒரு பொய்யைத் துரத்திக்கொண்டு இவர்கள் ஓடினார்கள். இப்போது இவர்களைத் துரத்திக்கொண்டு அந்தப் பொய்யே ஓடி வருகிறது.

“இப்ப சொன்னா?” என்றாள். “இப்ப நான் போய்ச் சொன்னா?”

“தேவையில்ல. நானே சொல்லிட்டேன்.”

“யார்கிட்ட?”

“உங்க பிரிவுத் தலைவர்கிட்டத்தான். பழைய கண்காட்சியில அவர் கொடுத்த கார்டு இருந்துச்சு. பத்து நிமிஷம் முன்னாடி போன் பண்ணினேன். காலிப் பெட்டி, ஒன்பது, எல்லாத்தையும் சொன்னேன். காலையில உன்கிட்டயும் சொன்னேன்னு...”

அவன் மேலே பேசியது அவள் காதில் விழவில்லை.

சோதனை அறை வாசலில் பிரிவுத் தலைவர் நின்றுகொண்டிருந்தார். மூன்று மாடி படியேறி வந்தவரைப் போல மூச்சு வாங்கிற்று. கையில் போன்.

“உங்க தம்பி பேசினார்” என்றார்.

அவள் எழுந்து நின்றாள்.

“மத்தியானம் என் ரூம்ல உட்கார்ந்திருந்தப்போ இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?”

இல்லை என்று சொல்லலாம். தம்பி ஏதோ உளறுகிறான் என்று சொல்லலாம். ஒரே நாளில் இரண்டாவது பொய்க்கு அவளிடம் தெம்பு இல்லை.

“தெரியும் சார்.”

தலைவர் சுவரில் சாய்ந்துகொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவுதான்.

விசிறி சார் சிவப்புச் சீட்டுக் கட்டைக் கீழே வைத்தார். “என்ன தெரியும்?” என்றார். “என்னம்மா தெரியும் உனக்கு?”

“மேடையில வச்சிருந்தது காலிப் பெட்டி சார். அவங்க நிஜ எண் ஒன்பது.”

“ஒன்பதா?”

“ஆமா சார்.”

“நான் கையெழுத்துப் போட்டேன்னு சொன்னப்பவும் உனக்கு இது தெரியுமா?”

அவள் ஆமென்று தலையாட்டினாள். முப்பது வருடமாக விசிறிச் சத்தத்தில் ஒரு சுற்று தப்பினாலும் கண்டுபிடித்த மனிதர், எதிரே இருந்த பெண்ணின் மௌனத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்காமல் போனார். மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார்.

“நம்ம பத்தரை நல்லா ஓடிச்சேம்மா” என்றார்.

அப்போது தலைவரின் போன் அடித்தது. மேலிடம். முன்பதிவு எத்தனை லட்சத்தைத் தொட்டது என்று சொல்லிப் பாராட்டத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு முறை அடித்து ஓய்ந்து, மூன்றாவது முறையும் அடித்தது.

தலைவர் அதை எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்த போனைப் பெரியவளிடம் நீட்டினார்.